பூத சதுர்த்தசியும் கல்கத்தாவின் ரொட்டி அடுப்புகளும்

ஐப்பசி மாதத்துக் கிருஷ்ணபட்சச் சதுர்த்தசியன்று, பொழுது புலர்வதற்கு முன்பே எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்தி, நரகாசுர வதத்தின் ஞாபகார்த்தமாகத் தமிழ் மக்கள் தீபாவளி கொண்டாடுகிறார்கள். அதே திதியின் அந்தி வேளையில் வங்காளத்து இல்லங்களில், அதிலும் விசேஷமாக வட கல்கத்தாவின் பழைய வீடுகளில், பெண்கள் பதினான்கு மண் அகல்களில் எண்ணெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றி, வாசற்படி, மாடிப்படியின் அடி, துளசி மாடம், கிணற்றங்கரை, மொட்டை மாடி, சாமான் அறை என்று வீட்டில் இருள் தங்கக்கூடிய இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். பூத சதுர்த்தசி என்று அவர்கள் வழங்கும் அந்த இரவில், குலத்தின் பதினான்கு தலைமுறை முன்னோர்களும் தத்தம் சந்ததியாரைக் காண வருகிறார்கள் என்பதும், அவர்களுக்கு வழிகாட்டும் அதே விளக்குகள் வேண்டாத ஆவிகளை அப்பால் நிறுத்துகின்றன என்பதும் அந்நாட்டாரின் பரம்பரை நம்பிக்கை.

2024-ஆம் ஆண்டில் ஒரு சேர்க்கை நேர்ந்தது. தமிழ்நாட்டின் தீபாவளியும், வங்காளத்தின் காளி பூஜையும், மேல்நாட்டார் பேய்வேடம் புனைந்து கொண்டாடும் ஹாலோவீன் என்ற இரவும் அக்டோபர் 31-ஆம் தேதியாகிய ஒரே நாளில் வந்து கூடின. சில ஆண்டுகளாகவே கல்கத்தாவின் பேக்கரிகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் அக்டோபர் மாதக் கடைசியில் மண்டையோடு, வௌவால், சிலந்தி வலை, வெள்ளைத்துணி போர்த்த ஆவி முதலிய உருவங்களில் பிஸ்கோத்துகளும் கேக்குகளும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளைகள் உள்ள வீடுகளில், பூஜை விடுமுறையை ஒட்டி நடக்கும் விருந்துகளுக்காக அவற்றை வீட்டு அடுப்பிலேயே சுட்டெடுக்கும் வழக்கமும் பரவி வருகிறது. இது நேற்று வந்த அந்நிய மோஸ்தர், நம் சரித்திரத்தில் இதற்கு வேர் கிடையாது என்று முதியோர் சிலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அந்த நகரத்தின் பழைய விருத்தாந்தங்களைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு வேறோர் உண்மை புலப்படும். பேய்களுக்கென்று ஒதுக்கிய இரவும், அவ்விரவுக்கென்று ஏற்பட்ட உணவும், பிஸ்கோத்து சுடும் அடுப்பும், தின்பண்டத்துக்கு உருவம் கொடுக்கும் அச்சும் ஆகிய நான்கும் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே வாழ்ந்து வந்திருக்கின்றன. இப்பொழுதுதான் அவை ஒன்றையொன்று சந்திக்கின்றன.

முதலில் அவ்விரவின் உணவைச் சொல்ல வேண்டும். பூத சதுர்த்தசியன்று மத்தியானம் பதினான்கு வகைக் கீரைகளைச் சேர்த்துச் சமைத்து உண்பது வங்காளிகளின் ஆசாரம். பதினாறாம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் வாழ்ந்த ஸ்மிருதி பண்டிதர் ரகுநந்தனர் பெயரால் வழங்கி வரும் கீரைப் பட்டியலைப் பார்க்கும் தமிழருக்கு அதில் பாதிக்கு மேல் சொந்தக் கொல்லையில் கண்ட பச்சிலைகளாகவே தோன்றும்: வேப்பங்கொழுந்து, கடுகுக்கீரை, சீந்தில், பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, சக்கரவர்த்திக் கீரை, கருணையின் இளந்தண்டு என்று வரிசை நீள்கிறது. மழைக்காலம் தீர்ந்து பனிக்காலம் தொடங்கும் சந்தியில், காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் மிகுந்திருக்கும் கார்த்திகை மாதத்தில் (அவர்களுடைய கணக்கில் அது கார்த்திகை), கசப்பும் துவர்ப்புமான இந்தப் பச்சிலைகள் உடம்புக்கு மருந்தாகும் என்று வைத்தியர்கள் காரணம் கூறுவார்கள். இன்று நகரத்துச் சந்தைகளில் முதல் நாளே பதினான்கு கீரை என்று சொல்லி நறுக்கிக் கலந்து கூறு கட்டி விற்கிறார்கள். அந்தக் கூறில் பதினான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்த கண்கள் குறைந்துவிட்டன. கார்த்திகை மாதம் முழுவதும் உயர்ந்த மூங்கிற் கழியின் உச்சியில் ஆகாச தீபம் ஏற்றிப் பித்ருக்களுக்கு வழிகாட்டும் வழக்கமும் முன்னே எங்கும் இருந்தது. மாடி வீடுகள் நெருங்கிய பின்பு அந்தக் கழிகளும் அருகிப் போயின.

இந்தப் பருவம் முழுவதையும் வங்காளிகள் இறந்தோரும் இருப்போரும் அடுத்தடுத்து வாழும் காலமாகவே பாவித்திருக்கிறார்கள். மகாளய அமாவாசையன்று கங்கைத் துறைகளில் தர்ப்பணம் நடக்கிறது. அதன்பின் துர்கா பூஜை. பின்பு பௌர்ணமியன்று லக்ஷ்மி பூஜைக்காக வீடுகளில் தேங்காயைத் துருவிச் சர்க்கரைப் பாகிலோ வெல்லப் பாகிலோ கிளறி நாரு என்ற உருண்டைகளும், அச்சில் அழுத்திய சந்திரபூலி என்ற அரைப்பிறைப் பணியாரமும் செய்கிறார்கள். தேய்பிறை முற்றும்போது பூத சதுர்த்தசியும் காளி பூஜையும் வருகின்றன. தெய்வத்துக்கும் பித்ருவுக்கும் பிசாசுக்கும் ஒரே மாதத்தில் இடம் வகுத்து, மூவருக்கும் உரிய உணவையும் வகுத்து வைத்த ஜனங்கள் அவர்கள்.

பேய்களின் விஷயத்தில் அவர்கள் காட்டியிருக்கும் நுட்பமும் பிரியமும் அசாதாரணமானவை. கையில் சங்கு வளையல் மாறாமல் சுமங்கலியாக இறந்தவள் சாக்சுன்னி. மணமாகாமல் மாண்டவள் பெத்னி. பூணூலும் பாதக்குறடுமாக வில்வ மரத்தில் வசித்து, நல்லவர்களுக்கு உபகாரம் செய்யும் பிராமணப் பேய் பிரம்மதைத்தியர். தலையில்லாத முண்டம் கந்தகாட்டா. நள்ளிரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லி அழைப்பது நிஷி. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு இருட்டில் வீடு திரும்புகிறவனைப் பின்தொடர்ந்து, மூக்கால் பேசி, ஒரு துண்டு மீன் கொடு என்று கெஞ்சும் மேச்சோ பூதம் என்ற பேயும் உண்டு. மீனில்லாமல் சோறிறங்காத நாட்டில் இறந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை என்று கற்பித்த பாமர மக்களின் உள்ளத்தில் பயத்தைக் காட்டிலும் இரக்கமே மிகுந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பேய்க் கதைகள் பாட்டிமார் வாயிலிருந்து அச்சுக்கு ஏறியதும் கல்கத்தாவின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான கட்டம். பாதிரியாராக இருந்த லால் பிஹாரி டே 1883-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வங்காள நாட்டுக் கதைத் தொகுதியில் பேய்களுக்குக் கணிசமான இடம் இருக்கிறது. திரைலோக்கியநாத் முகோபாத்தியாயர் தம் கங்காவதி என்ற கற்பனைக் கதையை 1892-இல் எழுதினார். தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தாரின் தாகுர்மார் ஜூலி என்ற கதைத் தொகுதி 1907-இல் வெளிவந்து இன்றுவரை பிள்ளைகளின் தலையணையடியில் இருக்கிறது. 1913-இல் உபேந்திரகிஷோர் ராய்சௌதுரி குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியபோது, வங்காளத்தின் தலைசிறந்த இனிப்பாகிய சந்தேஷின் பெயரையே அதற்கு இட்டார். அந்தப் பத்திரிகையில் 1915-இல் அவர் எழுதிய கூபி, பாகா என்ற இரு பாட்டுக்காரர்களின் கதையில், ஊரார் விரட்டிய அவ்விருவரையும் காட்டில் பேய்கள் வரவேற்று வரங்கள் அளிக்கின்றன. வேண்டும் உணவு வேண்டியபோது கிடைக்கும் என்பது அவற்றில் ஒன்று. உபேந்திரகிஷோரின் பேரர் சத்யஜித் ராய் அக்கதையை 1969-இல் திரைப்படமாக்கினார். அதன் முடிவில், பட்டினி கிடந்த போர்வீரர்களின் தலைக்குமேல் ஆகாயத்திலிருந்து இனிப்புப் பானைகள் வரிசை வரிசையாக இறங்குகின்றன. ஆயுதங்களை எறிந்துவிட்டு அவர்கள் பானைகளை நோக்கி ஓடுகிறார்கள். யுத்தம் நின்று போகிறது. பேய்களின் அரசன் அருளிய வரத்தால் பசித்தோருக்கு இனிப்புக் கிடைப்பதாகக் காட்டிய அந்தக் காட்சியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேயுருவப் பிஸ்கோத்து புதிய வஸ்துவாகத் தோன்றுமா?

இனி அடுப்பின் கதைக்கு வருவோம். இங்கேதான் அந்நியக் கலப்பு மிகுதி. இங்கேதான் அந்நகரத்தின் பெருமையும் மிகுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டேவிட் வில்சன் என்ற ஆங்கிலேய ரொட்டிக்காரர் கல்கத்தாவில் ரொட்டியும் மிட்டாயும் விற்று முன்னேறி, 1840-இல் கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபுவின் பெயரால் ஒரு ஹோட்டலைத் திறந்தார். 1865-இல் அது கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் என்று பெயர் மாறிற்று; ஆயினும் வெகுகாலம் வரை நகர ஜனங்களின் வாயில் அது வில்சன் ஹோட்டலாகவே வழங்கியது. அந்த ஹோட்டலின் ரொட்டிதான் மூன்று நான்கு தலைமுறைகளுக்குக் கல்கத்தாவின் காலையுணவாக இருந்தது.

ஆனால் ஹிந்து வீடுகளுக்குள் ரொட்டியும் பிஸ்கோத்தும் அத்தனை சுலபமாக நுழைந்துவிடவில்லை. முகம்மதியர் கையால் பிசைந்து, புளித்த கள்ளால் பொங்க வைத்தது என்ற காரணத்தால், கடை ரொட்டியைத் தொடுவதே ஆசாரக்கேடாக எண்ணப்பட்ட காலம் அது. 1846-இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்த ராஜ்நாராயண் பாசு, தாம் தீக்ஷை பெற்ற தினத்தில் ஜாதி வித்தியாசம் பாராட்டுவதில்லை என்பதற்கு அடையாளமாகப் பிஸ்கோத்தும் ஷெர்ரி என்ற திராக்ஷை மதுவும் தருவித்து உண்டதைத் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். ஒரு துண்டுப் பிஸ்கோத்தைக் கடிப்பதற்கு அந்நாளில் எவ்வளவு மனோதிடம் வேண்டியிருந்தது என்பதை இன்று தேநீரில் அதனைத் தோய்த்துத் தின்னும் நாம் ஊகிப்பதுகூடக் கடினம். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறிற்று. 1892-இல் மத்திய கல்கத்தாவின் ஒரு சிறிய வீட்டில் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய பிஸ்கோத்துத் தொழில், பின்பு குப்தா சகோதரர்கள் கைக்கு வந்து, 1918-இல் ஹோம்ஸ் என்ற ஆங்கில வியாபாரி கூட்டாளியாகச் சேர்ந்த பின் பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனி என்ற ஸ்தாபனமாக வளர்ந்தது. நாடு சுதந்திரம் அடைந்த 1947-இல் தாராதலாவில் அது நிறுவிய தொழிற்சாலை 2024-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்தத் தொழிற்சாலையைச் சுற்றிப் பல பத்தாண்டுகள் வீசிய பிஸ்கோத்து மணத்தை அவ்வழியே பஸ்ஸில் சென்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இயந்திரப் பிஸ்கோத்தின் சரித்திரம் அது. கைப்பிஸ்கோத்தின் சரித்திரம் வேறு. நியூ மார்க்கெட் என்று எல்லோரும் அழைக்கும் ஹாக் மார்க்கெட் 1874-இல் திறக்கப்பட்டது. பாக்தாத் நகரத்து யூத மரபினராகிய நாஹூம் இஸ்ரேல் மொர்தெகாய் 1902-இல் வீடு வீடாகச் சென்று ரொட்டியும் பணியாரமும் விற்கத் தொடங்கி, 1916-இல் அந்தச் சந்தைக்குள் கடை வைத்தார். நூறாண்டு கடந்த அந்தக் கடை இன்னும் இருக்கிறது. தேக்கு மரத்து அலமாரிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் அவற்றினுள் அடுக்கிய பழக் கேக்கு, எலுமிச்சைப் பணியாரம், வாதுமை மக்ரூன், பாலாடைக்கட்டி பொதிந்த சம்பூசக் ஆகியவையும் ஒரு நூற்றாண்டின் ருசியை அப்படியே காப்பாற்றி வருகின்றன. 1798-இல் ஷாலோம் கோஹன் என்ற வணிகர் வந்து சேர்ந்தது முதல் வளர்ந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் சில ஆயிரம் பேராக இருந்த அந்த யூத சமூகத்தில் இப்பொழுது எஞ்சியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. 1884-இல் எழுந்த மாகேன் டேவிட் ஜெபாலயத்தில் தொழுவதற்கு ஆள் இல்லை. ஆயினும் யூதர் கடையில் முஸ்லிம் தொழிலாளர் சுட்ட கேக்கைக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக ஹிந்துக்கள் வரிசையில் நின்று வாங்கும் காட்சியை ஆண்டுதோறும் டிசம்பரில் அங்கே காணலாம். இதைவிடச் சிறந்த தேச ஒற்றுமைப் பிரசங்கத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

பார்க் தெருவில் ஸ்விட்சர்லாந்து தேசத்தவரான ஃப்ளூரி தம்பதிகள் 1927-இல் தொடங்கிய தேநீர்க் கூடம் செல்வர்களின் நாகரிகத்துக்கு உறைவிடமாயிற்று. அதைப்பற்றி எழுதியவர் பலர். ஆகவே நான் விரிக்கவில்லை. எழுதப்படாதவர்கள் கோவாவிலிருந்து வந்து ரிப்பன் தெருப் பக்கத்துச் சந்துகளில் அடுப்பு மூட்டிய கிறிஸ்தவக் குடும்பத்தினரும், சிட்டகாங் பிரதேசத்திலிருந்து வந்து வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரர்களாகவும் பின்பு போ பாரக்ஸ் வட்டாரத்து ஆங்கிலோ இந்தியர்களுக்குக் கேக்கு சுடுபவர்களாகவும் பேர் பெற்ற பரூவா என்ற பௌத்தர்களும், தால்தலாவின் முஸ்லிம் ரொட்டிக்காரர்களுமே ஆவர். தேநீர்க் கடைகளின் கண்ணாடி ஜாடிகளில் இன்றும் காணப்படும், இரண்டு முறை சுட்டு இறுகிய லேரோ பிஸ்கோத்தும், சர்க்கரை மினுமினுக்கும் பட்டாம்பூச்சி வடிவப் பிரஜாபதி பிஸ்கோத்தும் இத்தகைய பெயர் தெரியாத அடுப்புகளிலிருந்து வந்தவை. பட்டாம்பூச்சிக்கு இறகு விரித்துக் காட்டத் தெரிந்த கைக்கு வௌவாலின் இறகு பெரிய காரியமல்ல.

அந்த அடுப்புகளில் ஒன்றைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். செங்கல்லால் குவிமாடமாகக் கட்டி உள்ளே ஓர் ஆள் ஊர்ந்து செல்லும் அளவு அகலமுள்ள அவ்வறையில் முதலில் விறகை எரிக்கிறார்கள். கல் முழுவதும் சூடேறிய பின் தணலையும் சாம்பலையும் வாரி வெளியேற்றி, தரையை ஈரச் சாக்கினால் துடைத்துவிட்டு, ஆளுயரத்தைக் காட்டிலும் நீண்ட மரத் துடுப்பினால் ரொட்டித் தட்டுகளை ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அடுப்பின் உக்கிரம் மிகுந்த முதல் வேளை ரொட்டிக்கு. அது தணிந்த பின் கேக்குக்கு. இறுதியில் எஞ்சும் மெல்லிய உஷ்ணம் பிஸ்கோத்து முறுகுவதற்கு. வெப்பமானி எதுவும் இல்லை. தலைமை ரொட்டிக்காரர் வாயிலில் கையை நீட்டி, மனத்துக்குள் எண்ணி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைக்கொண்டு வேளையை நிர்ணயிக்கிறார். டிசம்பர் மாதத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தினர் மாவு, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய பழங்கள் யாவற்றையும் தாமே வீட்டிலிருந்து கொண்டுவந்து இந்த அடுப்புகளில் கூலிக்குச் சுட்டுக்கொள்வார்கள். தம் மாவில் பிறர் மாவு கலந்துவிடாதபடி இரவெல்லாம் அருகில் காத்திருக்கும் மூதாட்டிகளும் உண்டு.

மேல்நாட்டிலும் பேயிரவின் பிஸ்கோத்துக்கு, பூத சதுர்த்தசியின் உணவுக்கு இருப்பது போன்ற பக்தி மூலம் இருந்தது என்பதை மறத்தலாகாது. நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். நவம்பர் 2 சகல ஆத்துமாக்களின் நினைவு நாள். முன்னதற்கு முந்திய இரவே ஹாலோவீன். பழைய இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று இறந்தோருக்காகப் பிரார்த்தனை செய்வதாகக் கூறி, அதற்குக் கைம்மாறாக ஆத்துமப் பணியாரம் என்ற சிறிய வட்ட அப்பங்களைப் பெற்றார்கள். அதன்மேல் சிலுவைக் குறி இருக்கும், பேயுருவம் இராது. இத்தாலியில் இறந்தோரின் எலும்பு என்ற பெயரால் கடினமான பிஸ்கோத்தும், மெக்ஸிகோவில் எலும்பு வடிவம் மேலே பதித்த ரொட்டியும் இதே நாட்களுக்கு உரியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐர்லாந்து, ஸ்காட்லாந்து தேசங்களிலிருந்து குடியேறியவர்களோடு இந்த இரவு அமெரிக்கா சென்று, அங்கே பிரார்த்தனையை விட்டு, விளையாட்டையும் வேடத்தையும் விருந்தையும் வளர்த்துக்கொண்டது. 1919-இல் ரூத் எட்னா கெல்லி என்ற அம்மையார் அவ்விரவின் சரித்திரத்தை ஒரு முழு நூலாக எழுதியபோதே அது அமெரிக்க வீடுகளில் நிலைத்துவிட்டது. தகர அச்சினால் வெட்டிய பேயும் சூனியக்காரியும் பூனையும் இந்தப் பிற்கால விருந்து மேஜையின் சிருஷ்டிகள்.

கல்கத்தாவில் அந்தப் பழைய பக்தி இன்னும் கண்ணெதிரே இருக்கிறது. நவம்பர் 2-ஆம் தேதி மாலையில் லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றால், குடும்பம் குடும்பமாக வந்து, களை பிடுங்கி, கல்லைக் கழுவி, சாமந்தி மாலை சாற்றி, வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். வங்கக் கவிதையில் புதுயுகம் கண்ட மைக்கேல் மதுசூதன தத்தர் 1873 முதல் அங்கே உறங்குகிறார். நம் நாட்டில் கல்லறைத் திருநாளன்று கிறிஸ்தவர்கள் செய்வதும் இதுவே. பார்க் தெருவில் 1767-இல் ஏற்பட்ட பழைய இடுகாட்டிலோ மெழுகுவர்த்தி ஏற்ற உறவினர் எவரும் இல்லை. மொழியறிஞர் சர் வில்லியம் ஜோன்ஸும், இருபத்திரண்டு வயதில் மறைந்த கவிஞர் டிரோசியோவும், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியான எத்தனையோ வெள்ளைக்கார இளைஞர்களும் கோபுரக் கல்லறைகளின் கீழே தனித்துக் கிடக்கிறார்கள். பதினான்கு அகல்கள் ஏற்றும் வீடுகளும் இந்த இரண்டு கல்லறைத் தோட்டங்களும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. அவற்றின் நினைவு நாட்களும் பெரும்பாலும் சில தினங்கள் அல்லது ஒன்றிரண்டு வார இடைவெளியில் வந்துவிடுகின்றன.

கடைசியாக அச்சைப் பற்றி. வட கல்கத்தாவில் சித்பூர் சாலையில், இப்போது ரவீந்திர சரணி என்று வழங்கும் தெருவில், நூதன பஜார் என்னும் சந்தை உண்டு. சந்தேஷ் செய்வதற்கான மர அச்சுகளைச் செதுக்கி விற்கும் தச்சர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு மரத்துண்டில் சிற்றுளியால் மீனின் செதிளையும் சங்கின் சுழியையும் தாமரையின் நரம்பையும் தலைகீழாகக் குடைந்து, அடிக்கடி ஏதேனும் ஒரு பிசைந்த பொருளை அதில் அழுத்தி எடுத்து உருவம் சரியாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவது அவர்கள் வேலை. நெய் தடவிய அந்தக் குழியில் சர்க்கரையோடு கிளறி ஆறிய சேனா என்னும் திரித்த பாற்கட்டியைக் கட்டைவிரலால் அழுத்தி, ஓரம் வழித்து, ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்தால் மீன் விழும். 1826-இல் தோன்றிய பீம் சந்திர நாக் முதலிய புராதன மிட்டாய்க் கடைகளுக்கும், கல்யாணச் சீர்த்தட்டு ஜோடிக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இத்தகைய அச்சுகளே கருவி. பழைய வீடுகளில் பாட்டிமார் பாதுகாத்த கல் அச்சுகளும் களிமண் அச்சுகளும் இப்பொழுது பொருட்காட்சிச் சாலைகளில் ஏறிவிட்டன. இந்த அச்சுகளில் பெரும்பாலும் மங்கல உருவங்களே உண்டு. சாக்சுன்னியையும் பிரம்மதைத்தியரையும் எவரும் மரத்தில் செதுக்கிச் சந்தேஷாகத் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெய்வத்துக்கு நிவேதனமாகும் சேனாவில் பேயுருவம் பொருந்தாது என்று அவர்கள் கருதியிருந்தால் அது சரியான கருத்தே.

பிஸ்கோத்துக்கு அந்தத் தடை இல்லை. அது நைவேத்தியப் பொருளல்ல. விளையாட்டுக்கும் விருந்துக்கும் உரியது. ஆகவே இன்று கல்கத்தாவின் அடுக்கு மாடி வீடுகளில், லேக் மார்க்கெட் பக்கத்தில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகளிலும்கூட, அக்டோபர் விடுமுறையில் பிள்ளைகள் செய்யும் பேய்ப் பிஸ்கோத்தை நான் குறைகூற மாட்டேன். அதற்கும் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. ஐப்பசியிலும் அவ்வூரின் காற்று ஈரமும் புழுக்கமுமாக இருப்பதால், வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்கக் குழைத்து, முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்த உருண்டையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரமாவது இறுக விடாமல் வெட்டினால், ஆவியின் வாலும் வௌவாலின் காதும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். வெட்டிய உருவங்களைத் தட்டோடு மறுபடியும் குளிர வைத்து, 175 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் ஓரம் பொன்னிறமாகத் தொடங்கும் வரை பத்துப் பன்னிரண்டு நிமிஷம் மட்டுமே சுட வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் முட்டை வெண்கருவில் பொடிச் சர்க்கரை குழைத்த பூச்சைத் தடவ வேண்டும். சூடு தணிவதற்குள் பூசினால் பேயின் முகம் உருகி வழிந்துவிடும்.

என் குறையெல்லாம் உருவத்தைப் பற்றியதுதான். அந்தப் பிள்ளைகள் பயன்படுத்தும் தகர அச்சும் பிளாஸ்டிக் அச்சும் கடல் கடந்து வந்த ஒரே சில உருவங்களைத் திரும்பத் திரும்ப வெட்டுகின்றன. கூம்புத் தொப்பிச் சூனியக்காரியைக் கல்கத்தாவின் எந்த ஆலமரத்திலும் எவரும் கண்டதில்லை. அதே நகரத்தில் நூதன பஜாரின் தச்சர், கேட்டால் செதுக்கித் தரக்கூடியவர், கேட்பாரற்று உட்கார்ந்திருக்கிறார். சங்கு வளையல் அணிந்த சாக்சுன்னியும், மீன் கேட்டுக் கை நீட்டும் மேச்சோ பூதமும், குறடு தரித்த பிரம்மதைத்தியரும் அவர் உளியிலிருந்து பிறந்து, தால்தலாவின் விறகடுப்பில் முறுகி, பதினான்கு அகல்கள் எரியும் வீட்டின் தட்டில் வருவார்களானால், நான்காகப் பிரிந்து கிடந்த ஒரு நகரத்தின் பண்டைய கலைகள் ஒரே தின்பண்டத்தில் கூடிவிடும். அந்தத் தச்சருக்கும் ரொட்டிக்காரருக்கும் அதனால் ஜீவனமும் உண்டாகும். கல்கத்தாவில் வசிக்கும் அல்லது அங்கே யாத்திரை செல்லும் தமிழ் அன்பர்கள் நியூ மார்க்கெட்டோடு திரும்பிவிடாமல் சித்பூர் சாலைக்கும் ஒரு நடை போய், அந்தத் தச்சர்களிடம் ஓர் அச்சாவது சொல்லிச் செய்வித்து வாங்கிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.